வலி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. நிறுத்தினால் காலை மடக்க முடிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் அலைந்த காலத்தில், எலும்பு மருத்துவர் வயிற்றைப் பற்றிப் பேசவில்லை, வயிற்று மருத்துவர் முட்டியைப் பற்றிப் பேசவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். பெரும்பாலோர் ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இன்னொன்று, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். செய்ய வேண்டியது அது இல்லை.

இந்தக் கட்டுரையில் ‘வலி மாத்திரை’ என்று சொல்வது ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன், இண்டோமெத்தசின், பைராக்சிகாம், கீட்டோரோலாக் போன்ற, அழற்சியைக் குறைக்கும் மருந்துகளை. பாராசிட்டமால் இந்தக் கூட்டத்தில் சேராது. அதற்குத் தனியாக வருகிறேன்.

1. முதலில், இது காத்திருக்கக் கூடிய எரிச்சல்தானா என்று பாருங்கள்

மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, வழக்கமில்லாத நாற்றத்தோடு போகிறதா? வாந்தியில் ரத்தமோ, காப்பித்தூள் கலந்தது போன்ற கறுப்புத் திப்பியோ வந்ததா? வயிற்றில் திடீரெனக் குத்தும் கடுமையான வலியா? எழுந்தால் தலை சுற்றி, மூச்சு வாங்கி, முகம் வெளிறிப் போகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாளைக்கு நேரம் வாங்கிப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் பிஸ்மத் கலந்த வயிற்று மருந்தும் மலத்தைக் கறுப்பாக்கும். அவை சாப்பிடுகிறவர் வீணாகப் பயப்படலாம். அதைவிட மோசம், உண்மையான ரத்தக்கசிவை ‘இரும்பு மாத்திரையால்தான்’ என்று தள்ளிவிடுவது. சந்தேகம் என்றால் காட்டிவிடுங்கள்.

சாப்பாடு விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி வாந்தி வருவது ஆகியவை அன்றைக்கே ஓட வேண்டியவை இல்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை.

ஒரு பொறி இங்கேயே இருக்கிறது. வலி இல்லை என்றால் புண் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். வலி மாத்திரையால் வரும் வயிற்றுப்புண் பலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, சத்தமே இல்லாமல் இருந்து ரத்தக்கசிவில்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். எரிச்சல் உள்ளவராவது உஷாராகிவிடுகிறார்.

மேலே சொன்ன அபாய அறிகுறிகள் எதுவும் இல்லையா? சரி, மருத்துவரிடம் பேசும்வரை வலி மாத்திரையை நிறுத்தி வையுங்கள். ஆனால் இதயத்துக்காகக் கொடுத்த சிறிய அளவு ஆஸ்பிரினையும், நாள்பட எடுத்துவரும் ஸ்டீராய்டு மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. இரண்டையும் திடீரென விட்டால் வேறு ஆபத்து.

2. ‘சாப்பிட்டபின் போட்டால் போதும்’ என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்

மாத்திரை வயிற்றில் விழுந்து அங்கேயே அரிப்பதால்தான் எரிகிறது என்று பலரும் நினைக்கிறோம். அது கதையில் பாதிகூட இல்லை. உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள் உண்டு. மூட்டில் அவை வீக்கத்தையும் வலியையும் கூட்டும். அதே பொருள்கள் வயிற்றின் உள்சுவருக்குச் சளிப் படலத்தையும் ரத்த ஓட்டத்தையும் தந்து அமிலத்திலிருந்து காக்கும். வலி மாத்திரை இரண்டு இடத்திலும் அவற்றின் உற்பத்தியைக் குறைக்கிறது. மருந்து ரத்தத்தில் கலந்து வேலை செய்வதால் அது எந்த வழியாக உள்ளே போனாலும் வயிற்றின் கவசம் மெலியும்.

எனவே ஊசியாகப் போட்டால் வயிறு தப்பிக்கும் என்பது தவறு. ஆசனவாயில் வைக்கும் மருந்தும் அப்படித்தான். மேல்பூச்சு பூசிய மாத்திரைகள் குடலில்தான் கரையும், அதனால் நேரடி எரிச்சல் கொஞ்சம் குறையலாம். புண் வரும் அபாயம் போகாது. சாப்பாட்டோடு போடுவதும் அசௌகரியத்தைத்தான் குறைக்கும். செய்யுங்கள், தப்பில்லை. அதையே பாதுகாப்பு என்று எண்ணி மாதக்கணக்கில் மாத்திரையைத் தொடர்வதுதான் தப்பு.

3. மருத்துவரிடம் போகுமுன் காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

மருத்துவர் உங்களோடு செலவழிக்கப் போவது சில நிமிடங்கள். அதில் பாதி நேரம் ‘அந்த வெள்ளை மாத்திரை, பெயர் ஞாபகம் இல்லை’ என்பதில் போய்விடும். ஒரே தாளில் இவற்றை எழுதுங்கள்:

இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளும், அளவோடு, நேரத்தோடு. கடையில் நீங்களாக வாங்கியவை, சூரணம், லேகியம், சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து. வலி மாத்திரை எப்போது தொடங்கியது, எரிச்சல் எப்போது தொடங்கியது. முன்பு வயிற்றுப்புண்ணோ ரத்தக்கசிவோ இருந்ததா. ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், கல்லீரல், ஆஸ்துமா இவற்றில் எது உண்டு. புகை, மது. மூட்டு எக்ஸ்ரே, பழைய எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கை, கடைசி ரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் நகல்.

ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஸ்டீராய்டு, சிலவகை மனச்சோர்வு மருந்துகள் இவற்றில் எதையாவது எடுத்தால் அதை அடிக்கோடிடுங்கள். வலி மாத்திரையோடு சேரும்போது ரத்தக்கசிவு அபாயத்தைப் பெருக்குபவை இவைதான். 65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு புண் வந்தவர்கள் வயதையும் அந்த வரலாற்றையும் தாளின் மேலேயே எழுதிவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், லோசார்டன் போன்றவற்றோடு நீர் பிரியும் மாத்திரையும் எடுப்பவர் வலி மாத்திரையைச் சேர்த்தால் வயிற்றுக்கு முன்னால் சிறுநீரகம் அடிபடலாம். அதையும் சொல்லுங்கள்.

இந்தத் தாளை எழுதும்போது பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கும்: ஒரே நேரத்தில் இரண்டு வலி மாத்திரைகள் போய்க்கொண்டிருக்கும். பல் வலிக்கு ஒருவர் கொடுத்தது, முட்டிக்கு இன்னொருவர் கொடுத்தது. சளி, காய்ச்சலுக்கான சில கூட்டு மாத்திரைகளில் ஐபுபுரோஃபென் ஒளிந்திருக்கும். பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக்கையோ டைக்ளோஃபெனாக்கையோ சேர்த்த மாத்திரைகளும் உண்டு; அதைச் சாப்பிட்டுவிட்டு ‘நான் வெறும் பாராசிட்டமால்தான் போடுகிறேன்’ என்பவர்கள் ஏராளம். அட்டையின் முன்பக்கப் பெயரை விடுங்கள். பின்னால் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள்.

4. உங்களுடையது எந்த மூட்டுவலி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைக் கேட்காமலே வருடக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிடுபவர்கள் உண்டு. வகை மாறினால் வழியே மாறிவிடும்.

மூட்டுத் தேய்மானத்தில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும், நடக்க நடக்க வலி கூடும். முடக்குவாதத்தில் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீளலாம், கைவிரல்களின் சிறு மூட்டுகள் இரண்டு பக்கமும் வீங்கும். கவுட் என்கிற யூரிக் அமில மூட்டுவலி பெரும்பாலும் ஒரே இரவில், கால் கட்டைவிரலில், போர்வை பட்டாலே தாங்காத அளவுக்கு வரும்.

முடக்குவாதம் என்றால் வலி மாத்திரை வலியைத்தான் குறைக்கும், மூட்டு அரிபடுவதை நிறுத்தாது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற, நோயையே கட்டுப்படுத்தும் மருந்துகள் வேண்டும். அவை வேலை செய்யத் தொடங்கினால் வலி மாத்திரையின் தேவையே குறைந்துவிடும், வயிற்றுப் பிரச்சினையும் பாதி தீர்ந்துவிடும். முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்று மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

கவுட்டுக்கு, வலி மாத்திரை ஆகாதவருக்குக் குறைந்த அளவு கோல்ச்சிசினோ, சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டோ கொடுப்பார்கள். கோல்ச்சிசின் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரலாம், சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். அடிக்கடி வந்தால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் பற்றிக் கேளுங்கள்.

இனி வருவதில் பெரும்பகுதி தேய்மான வலிக்காரர்களுக்கு.

5. வாய் வழியை விட்டு, தோல் வழியை முதலில் முயலுங்கள்

இதைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்லியிருக்க வேண்டும். டைக்ளோஃபெனாக் ஜெல்லை முட்டியில் பூசும்போது ரத்தத்தில் கலக்கும் மருந்து, மாத்திரையில் கலப்பதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான். முட்டி, கைவிரல் மூட்டு போலத் தோலுக்கு அருகில் இருக்கும் இடங்களில் நன்றாக வேலை செய்யும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டுதலும் முட்டிக்கு மாத்திரைக்கு முன்னால் பூசும் மருந்தைத்தான் வைக்கிறது. இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் அங்கே பலனை எதிர்பார்க்க வேண்டாம்.

‘ஜெல் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பவர்களிடம் எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு, வலித்தபோது மட்டும் என்பார்கள். 1 சதவீத ஜெல்லுக்குச் சொல்லப்படும் அளவு, முட்டிக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளுக்கு 4 தடவை. கைக்கு 2 கிராம். இது நாம் நினைப்பதைவிட நிறைய. டியூபோடு வரும் அளவுகோல் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். செறிவு மாறினால் அளவும் மாறும், ஆகவே உங்கள் டியூபின் சீட்டில் உள்ளதுதான் கணக்கு. முட்டியைச் சுற்றிலும் பூசுங்கள், வலிக்கிற புள்ளியில் மட்டும் அல்ல. இரண்டு வாரமாவது ஒழுங்காகப் பூசிவிட்டு முடிவு சொல்லுங்கள்.

வெட்டுக்காயம், சொறி உள்ள தோலில் கூடாது. கைக்குப் பூசினால் ஒரு மணி நேரம் கழுவக் கூடாது. மற்ற இடத்துக்குப் பூசினால் கையை உடனே கழுவிவிடுங்கள். ஜெல்லும் வேண்டும், பழைய மாத்திரையும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து ஓட்டாதீர்கள். ஆஸ்பிரினாலோ மற்ற வலி மாத்திரையாலோ ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ வந்தவர் ஜெல்லையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் க்ரீமும் முட்டிக்கு உண்டு. வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. முதல் சில நாள் தோல் எரியும், பலன் தெரிய 2 முதல் 4 வாரம் பிடிக்கும். பூசிய கையோடு கண்ணைத் தேய்த்துவிட்டால் அந்த நாளை மறக்க மாட்டீர்கள்.

6. பாராசிட்டமாலை அளவோடு பயன்படுத்துங்கள்

வயிற்றைப் புண்ணாக்காது என்பதுதான் இதன் பெரிய பலம். தேய்மான வலியில் இதன் பலன் குறைவு, சிலருக்குப் போதாது. ஆனாலும் இரவுத் தூக்கத்துக்கோ, நிறைய நடந்த நாளுக்கோ உதவும். ஆரோக்கியமான பெரியவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்ச வரம்பு. வயதானவர், உடல் மெலிந்தவர், கல்லீரல் பழுதானவர், மது அருந்துபவர் இதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். சளி மருந்தில் உள்ள பாராசிட்டமாலையும் கூட்டிக்கொள்ளுங்கள். வார்ஃபரின் எடுப்பவர் இதைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தம் உறையும் நேரம் மாறும், பரிசோதனை வேண்டும்.

7. வலி மாத்திரை வேண்டியே இருந்தால் கவசத்தோடு எடுங்கள்

சிலருக்கு மேலே உள்ளதெல்லாம் போதாது. அப்போது மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதல் கேள்வி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்பது. ஒமேப்ரசோல், பான்டோப்ரசோல் வகையைத்தான் சொல்கிறேன், எல்லோரும் ‘கேஸ் மாத்திரை’ என்பது. எரியும்போது மட்டும் ஒன்று போடுவது புண்ணைத் தடுக்காது. வலி மாத்திரை எடுக்கும் நாளெல்லாம், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் பாதி வீண். ரத்தம் கட்டாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு ஒமேப்ரசோலும் ஈசோமேப்ரசோலும் பொருந்தாது, வேறு கேளுங்கள். ஆன்டாசிட் திரவங்கள் எரிச்சலை ஆற்றுமே தவிரப் புண்ணைத் தடுக்காது. வலி மாத்திரையை நிறுத்தும் நாளில் கேஸ் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்றும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது பாட்டுக்கு வருடக்கணக்கில் ஓடும்; நெடுநாள் எடுத்தால் மெக்னீசியமும் பி12உம் குறையலாம்.

இரண்டாவது, செலிகாக்சிப், எடோரிகாக்சிப் வகை எனக்குப் பொருந்துமா? இவை மூட்டு அழற்சியில் பங்குள்ள காக்ஸ்-2 என்ற நொதியை அதிகமாகத் தாக்கி, வயிற்றைக் காக்கும் காக்ஸ்-1ஐப் பெருமளவு விட்டுவிடும். புண் குறைவு. ஆனால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் உண்டு. இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் 2004இல் அந்தக் காரணத்தால்தான் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. டைக்ளோஃபெனாக் போன்ற பழைய மருந்துகளுக்கும் இதய அபாயம் இல்லாமல் இல்லை. இதய நோயாளி இவற்றில் எதையும் தானாக வாங்கக் கூடாது. தினமும் ஆஸ்பிரின் எடுப்பவருக்கு இந்த வகையின் வயிற்று நன்மை பெருமளவு போய்விடும். முன்பு ரத்தக்கசிவு வந்தவருக்கு வலி மாத்திரையே வேண்டாம் என்பதுதான் முதல் பேச்சு. தவிர்க்கவே முடியாவிட்டால் செலிகாக்சிப்போடு கேஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள்.

மூன்றாவது, ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாமா? இந்தக் கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் அபாயம் கூடும். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம், இரண்டுமே எண்டோஸ்கோபியைவிடச் செலவு குறைவு. பலர் வழுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. கேஸ் மாத்திரையைப் பரிசோதனைக்கு 2 வாரம் முன்பும், ஆன்டிபயாடிக்கையும் பிஸ்மத்தையும் 4 வாரம் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வந்து, பணமும் போய், தேதியும் போய்விடும். நிறுத்தலாமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டே தேதி வாங்குங்கள்.

எண்டோஸ்கோபியே வேண்டும் என்றால் பொதுவாக 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. மயக்க மருந்து கொடுத்தால் துணைக்கு ஒருவர் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. திசுப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வரலாம், அதன் முடிவு சில நாள் கழித்துத்தான் வரும். காப்பீடு இருந்தால் முன் அனுமதி தேவையா என்று முதலிலேயே கேளுங்கள்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் ஐபுபுரோஃபென் சேர்த்தால் ஆஸ்பிரினின் வேலையே தடைபடலாம். கருவுற்றவர்கள் 20 வாரத்துக்குப் பின் வலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது.

8. மாத்திரை இல்லாத வைத்தியத்துக்கு மூன்று மாதம் கொடுங்கள்

தொடையின் முன்தசை வலுத்தால் முட்டியின் சுமை குறைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி சில நொடி நிறுத்துவது, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, தட்டையான தரையில் நடப்பது ஆகியவற்றில் தொடங்கலாம். பிசியோதெரபிக்கு மாதக்கணக்கில் பணம் கட்ட வேண்டியதில்லை. சில அமர்வுகளில் சரியாகக் கற்றுக்கொண்டு, வீட்டில் செய்யும் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டால் போதும். தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடும். மறுநாளைக்குள் தணிந்துவிட்டால் அளவு சரி, தணியவில்லை என்றால் குறையுங்கள். பலன் தெரிய 6 முதல் 12 வாரம். இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டியில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறையும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். தெருவில் பார்த்தால் பாதிப்பேர் மாற்றித்தான் பிடிக்கிறார்கள். விறைப்புக்குச் சூட்டு ஒத்தடம், வீங்கிச் சூடாக இருந்தால் குளிர் ஒத்தடம், 15 முதல் 20 நிமிடம்.

9. பணம் பிடுங்கும் வழிகளில் கவனம்

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி, வீங்கி வலிக்கும் முட்டிக்குச் சில வாரம் நிம்மதி தரும். வயிற்றைத் தொந்தரவு செய்வது அரிது. ஒரே மூட்டில் 3 மாதத்துக்குள் திரும்பப் போடுவதைத் தவிர்ப்பார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும்.

சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைப் பிரித்துப் போடும் பி.ஆர்.பி ஊசிக்குச் செலவு அதிகம். அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் முட்டி, இடுப்புத் தேய்மானத்துக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. குளுக்கோசமினையும் அதே வழிகாட்டுதல் வேண்டாம் என்கிறது. டுலோக்செடின் என்ற மாத்திரை நாள்பட்ட முட்டிவலியில் சிலருக்கு உதவும், ஆனால் அதுவே குமட்டலைக் கொண்டுவரலாம், வலி மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயமும் உண்டு. டிரமடால் வயிற்றைப் புண்ணாக்காது, ஆனால் குமட்டல், மலச்சிக்கல், தலைசுற்றி விழுவது, பழக்கமாகிவிடுவது என்று வேறு பட்டியல் வைத்திருக்கிறது.

எனக்கு மிகவும் கோபம் வருவது ‘முழுக்க இயற்கை, பக்கவிளைவே இல்லை’ என்று வரும், உட்பொருள் எழுதாத பொடிகள் மேல்தான். 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் விற்ற துணைஉணவுகளில் டைக்ளோஃபெனாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததாக எச்சரித்தது. எந்த மருந்துக்குப் பயந்து ஓடினோமோ அதையே ஸ்டீராய்டோடு சேர்த்து விழுங்குகிறோம். இரண்டே நாளில் அற்புதமாக வலி போக்கும் பொடி என்றால் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே வெகுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தாமல் பொடியோடு மருத்துவரைப் பாருங்கள்.

10. எதை எப்போது திரும்பப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஜெல், உடற்பயிற்சி, புது மாத்திரை மூன்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினால் எது உதவியது, எது எரித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் ஒரே வரி போதும்: வலி பத்துக்கு எவ்வளவு, வயிறு எப்படி, என்ன மருந்து. மாதம் ஒரு முறை அதைப் புரட்டிப் பாருங்கள்.

வலி மாத்திரை தொடர்பவர் ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருக்கலாம்.

உங்கள் மருத்துவப் பதிவின் முதல் பக்கத்தில் ‘அழற்சி குறைக்கும் வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாது’ என்று மருத்துவர் கையால் எழுதி வாங்குங்கள். எந்த மருந்து, என்ன ஆனது என்பதும் இருக்கட்டும். பல் பிடுங்கப் போகும்போதும், கால் சுளுக்கிப் போகும்போதும் அதைக் காட்டிவிட்டு மருந்து வாங்குங்கள். அங்கே எழுதித் தரும் சீட்டில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை இருக்கும்.